நாலாவது மூலையில் மஞ்சள்

வில்லாபுரம், மதுரை
8-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அழகுராஜா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? சோறு இறங்குகிறதா? உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அலுவலர் ஐயாவும் சௌக்கியமா? அவரை விசாரிக்காவிட்டால் கடிதம் கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் அப்படித்தான். வயிற்றில் மட்டும் கொஞ்ச நாளாக வலி. "கப்பலூர் கம்பெனி கேன்டீன் புளிக்குழம்பு பண்ற வேலைடா" என்கிறாள். அந்தக் குழம்பை வைப்பதே அவள்தான் என்பதை ஞாபகப்படுத்தினேன். கரண்டி பறந்து வந்தது.

உன் பி.ஏ. பாடத்துக்குக் கேட்ட 'ஒப்பீட்டு அரசாங்கங்கள்' புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் அரசியல் அறிவியல் ஆசிரியை ரூத் மிஸ்ஸிடம் ஒரு பிரதி இருக்கிறது. அதைப் பார்த்துச் சுருக்கி எழுதுகிறேன். டிசம்பர் தேர்வுக்குள் பிரிட்டனையும் அமெரிக்காவையும் தபாலில் அனுப்பி முடித்துவிடுவேன்.

முதலில் பிரிட்டன். சட்டம் போடுவது நாடாளுமன்றம், அதை நடத்துவது அமைச்சரவை, தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். முதல் இரண்டுக்கும் நடுவில் சுவரே கிடையாது. பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்துக்குள்ளேயேதான் உட்கார்ந்திருப்பார்கள். சமைக்கிறவளே பரிமாறுகிற மாதிரி. எல்லோருக்கும் மேலே மன்னர். அவருக்கு முடி உண்டு, தனியாக ஒன்றும் முடியாது. அதனால்தான் அது முடியாட்சி. மேல் அவைக்குப் பிரபுக்கள் சபை என்று பெயர். மக்கள் ஓட்டுப் போடாமலே அங்கே உட்காரலாம். அட்டையில் 'பிரபுக்கள் சபை' என்று எழுதி ஆசிரியர்கள் அறை வாசலில் மாட்டினேன். ரெண்டு நாளாக வகுப்புக்கு வெளியேதான் படிப்பு.

இன்னொன்று. மன்னர் இறந்தாலும் அரியணை ஒரு நொடிகூடக் காலியாக இருக்காதாம். மூச்சு நின்ற கணமே வாரிசுதான் மன்னர். தீட்டுக் கழிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். இது கட்டாயம் தேர்வுக்கு வரும் என்று மிஸ் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

போனும் கூடாது, சிறையில் மனுப் போட்டு உன்னைப் பார்க்கவும் வரக் கூடாது என்று நீ போட்ட சட்டத்தை இங்கே மதித்து நடக்கிறோம். நான் எழுதி முடிக்கட்டும் என்று அம்மா மஞ்சளைக் குழைத்து வைத்துக் காத்திருக்கிறாள். மூலையில் மஞ்சளைப் பார்த்துக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து யாராவது மொய் வைத்தால் வாங்கி வை.

உன் தம்பி,
அழகுராஜா


சிறைச்சாலை
25-6-2025

தம்பி அழகுராஜாவுக்கு,

தங்கப்பாண்டி எழுதுவது. இங்கே ஒரு குறையும் இல்லை. அம்மா வயிற்று வலியைக் குழம்பின் மேல் போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. உன் குறிப்பைப் படித்து ஐயாவே சிரித்தார். "ஒந்தம்பி உருப்படுவானாப்பா" என்று கேட்டார். சந்தேகம்தான் என்றேன்.

அம்மாவிடம் ஒரு நல்ல செய்தி சொல். வாய்க்கால் தகராறில் ஓர் உயிர் போய், நான் உள்ளே வந்து பத்து வருடம் முடிந்துவிட்டதல்லவா? முன்விடுதலைக்கு இந்த முறையும் கமிட்டி பரிந்துரைத்திருக்கிறது. கோப்பு மேலே போயிருக்கிறது. இனி கையெழுத்துதான்.

போன முறை அது திரும்பி வந்தது என்னால்தான். அப்பா காரியத்துக்குப் பரோலில் வந்தபோது, நம் கொட்டாம்பட்டி மயானத்தில் அன்று செத்தவன் வீட்டு ஆள் ஒருவன் சிரித்தான். நான் பாய்ந்தேன், தடுத்த காவலரையும் தள்ளிவிட்டேன். இந்த முறை என் கையால் எதுவும் கெடாது. இதை அப்படியே அம்மாவிடம் சொல்.

போன் வேண்டாம் என்பது கோபத்தில் போட்ட சட்டம் இல்லை. போன வருடம் ஒரு நாள் அடித்தேன். அம்மா வழக்கம்போல எங்கோ வைத்துவிட்டுத் தேடி, மணி ஓயப்போகும் நேரத்தில் எடுத்தாள். "சாப்டியாப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பதைப் பார்த்தால் இன்னும் மோசம். வெளியே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவை அனுப்பு. ஆசிரியர்களை வம்புக்கு இழுக்காதே.

அண்ணன்,
தங்கப்பாண்டி


வில்லாபுரம்
10-7-2025

அன்புள்ள அண்ணனுக்கும், வழியில் படிக்கும் ஐயாவுக்கும்,

அழகுராஜாவின் வணக்கம். கோப்பு போன செய்தியைச் சொன்னதும் அம்மா கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி கிண்டிப் போட்டாள். அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா அக்காவும் கூட வந்தார். அம்மாவோடு கப்பலூரில் வேலை பார்க்கிறவர்தான், உனக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்கா மூன்று போர்ஷன் வீடு. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் பூட்டு. சட்டம் போடும் சபைக்கு அங்கே காங்கிரஸ் என்று பெயர். நம் ஊரில் அது கட்சி, அங்கே அது கட்டடம். அதிபருக்குத் தனித் தேர்தல். அவர் காங்கிரசில் உறுப்பினராக இருக்க முடியாது. அவருக்கு அமைச்சராகப் போகிறவரும் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சமைக்கிறவள் பரிமாறக் கூடாது, பரிமாறுகிறவள் அடுப்பங்கரைக்குள் வரக் கூடாது.

காங்கிரஸ் போட்ட சட்டம் பிடிக்காவிட்டால் அதிபர் திருப்பி அனுப்பலாம். அதற்கு வீட்டோ என்று பெயர். ரெண்டு சபையிலும் மூன்றில் ரெண்டு பங்குப் பேர் மறுபடி கை தூக்கினால் அந்த வீட்டோ செல்லாது. வீட்டில் அம்மா வைத்திருக்கும் அதிகாரம் என்பதால்தான் வீட்டோ என்று பெயர் வந்தது என்றேன். "பரீட்சையில எழுதிராதடா" என்றார் ரூத் மிஸ்.

அம்மா வெகுநேரமாக மஞ்சளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அழகுராஜா


10-7-2025
அனுப்பாதது

அண்ணே,

இந்தக் கடிதம் உனக்குத்தான், ஆனால் தபால் பெட்டிக்குப் போகாது. அரசியல் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும்.

அம்மாவுக்கு ஈரலில் கட்டி. பரவிவிட்டதாம். டாக்டர் அதைப் பாண்டிமீனா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவள், வீட்டுக்குள் நுழைந்ததும் வாய் திறந்தாள்.

"பெரியவனுக்கு எழுதக் கூடாது."

"பரோல்ல வந்து பாத்துட்டுப் போகட்டும்மா."

"அப்பனுக்கு வந்தப்ப என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல? இப்பத்தான் கோப்பு போயிருக்கு. கையெழுத்து விழுகட்டும். அதுக்கு முன்ன நான் போனாலும் நீ சொல்லக் கூடாது."

"போனாலும்னா எங்க போவ? கப்பலூருக்கா?"

சிரித்தாள் அண்ணே. சிரித்துக்கொண்டே என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். நான் சத்தியம் செய்தேன்.

அனுப்பிய கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. ஸ்கேன் எடுத்தது நிஜம், மாத்திரை கொடுத்ததும் நிஜம்.


சிறைச்சாலை
2-8-2025

தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மா ஸ்கேனில் என்ன வந்தது என்று நீ எழுதவில்லை. மறக்காமல் எழுது. இந்த முறை மூலையில் மஞ்சள் மிகவும் மெலிதாக இருந்தது. மஞ்சள் விலை ஏறிவிட்டதா?

பாடத்தில் ஒரு சந்தேகம். கைதிக்கு மன்னிப்புக் கொடுப்பது இந்த மூன்றில் யார் வேலை? பிரிட்டனில் யார், அமெரிக்காவில் யார்? இங்கே நாங்கள் தினமும் அதைப் பற்றித்தான் பேசுகிறோம். பக்கத்தில் முத்துக்கருப்பன் என்று ஒரு பெரியவர் புதிதாக வந்திருக்கிறார். "எந்த நாட்டுலயாவது கையெழுத்துப் போடுறவருக்குப் பேனா மக்கர் பண்ணாம இருக்கா தம்பி?" என்று கேட்கிறார். கோப்பைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. நான் பொறுமையாகத்தான் இருக்கிறேன்.

தங்கப்பாண்டி


வில்லாபுரம்
20-8-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐயாவுக்கும் முத்துக்கருப்பன் ஐயாவுக்கும் என் வணக்கம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், காலாண்டுத் தேர்வுக்குப் படிப்பு. அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டில் ஓய்வெடுக்கிறாள். டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்.

உன் சந்தேகத்துக்குப் பதில். பிரிட்டனில் மன்னிப்பு மன்னர் பெயரில் வரும். ஆனால் அமைச்சர் சொன்னால்தான் அவர் கையெழுத்துப் போடுவார். அமெரிக்காவில், நாட்டுச் சட்டப்படி செய்த குற்றமாக இருந்தால் அதிபரே மன்னிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாநிலக் குற்றம் என்றால் அந்தந்த மாநிலத்து வழக்கம். ஆகப் பேனா எல்லா ஊரிலும் ஒருவர் கையில்தான் இருக்கிறது என்று முத்துக்கருப்பன் ஐயாவிடம் சொல்.

அடுத்து நீதிமன்றம். இதுதான் முக்கிய வித்தியாசம். பிரிட்டனில் நாடாளுமன்றம் வைத்ததுதான் சட்டம். அது எவ்வளவு தப்பான சட்டமாக இருந்தாலும் செல்லாது என்று ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. காங்கிரஸ் போட்டு, அதிபர் கையெழுத்திட்ட சட்டத்தைக்கூட உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கிப் போட்டுவிடலாம்.

நம் வீடு சுத்தமான பிரிட்டன் அண்ணே. நீ ஒரு சட்டம் போடுகிறாய், அம்மா ஒரு சட்டம் போடுகிறாள். ரத்து செய்ய ஆள் இல்லை.

மஞ்சள் விலையெல்லாம் ஏறவில்லை.

அழகுராஜா


11-9-2025
அனுப்பாதது

அண்ணே,

அம்மா செத்துப்போனாள். முந்தாநாள் காலையில். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாண்டிமீனா அக்கா வாசலிலேயே நின்று பால் பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பதுதானே முறை. நான் கொள்ளி வைத்தேன். அதனால் யாருமே உன்னைத் தேடவில்லை. ஊரிலிருந்து வந்த மாமா மட்டும் ஒரு தடவை, "பெரியவனுக்குச் சொல்லியாச்சா?" என்றார். சத்தியத்தைச் சொன்னேன். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். கையெழுத்து விழுகட்டும்டா" என்றார். அக்காவும் அதையேதான் சொன்னார். மூன்றில் ரெண்டு பங்கு ஆதரவு.

கடைசியாக உனக்குப் போன கடிதத்தில் அம்மாவால் விரலைத் தூக்க முடியவில்லை. அக்காதான் கையைப் பிடித்து வைக்கச் செய்தார். நான் கடைக்கு ஓடியிருந்தேன். அடுத்த கடிதத்துக்கு மஞ்சள் வைக்க ஆள் இல்லை. நான்தான் வைக்க வேண்டும்.

"தீட்டு வீட்டுல மஞ்சத் தொடக் கூடாதுடா" என்கிறார் அக்கா.

"மஞ்ச இல்லாம போனா அண்ணனுக்குத் தெரிஞ்சிரும்க்கா."



அம்மாவின் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். உன் சட்டத்தை நீயே மீறி அடித்துவிட்டால் நான் என்ன சொல்வேன்? மொட்டை போட்டிருக்கிறேன். துக்கம் கேட்க வந்த பள்ளிக்கூடப் பசங்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.


வில்லாபுரம்
17-9-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் இருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது வயிற்று வலி இல்லை.

மீதிப் பாடம். பிரிட்டனில் பிரதமருக்குக் கீழ்ச்சபையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் பதவி. நம்பிக்கை இல்லை என்று பெரும்பான்மை வாக்களித்தால் அரசு விலக வேண்டும், அல்லது தேர்தல் வர வேண்டும். அமெரிக்க அதிபரை அப்படி இறக்க முடியாது. அவருக்கு நான்கு வருடம் உறுதி. நீக்க வேண்டுமானால் கீழ்ச்சபை குற்றம் சாட்ட வேண்டும், மேல்சபையான செனட் விசாரித்து மூன்றில் ரெண்டு பங்கு வாக்கில் தண்டிக்க வேண்டும்.

இத்துடன் பாடம் முடிந்தது. நன்றாகப் படி. மஞ்சள் காய்வதற்குள் மடித்துவிட்டேன், எழுத்தில் ஒட்டியிருந்தால் திட்டாதே.

அழகுராஜா


சிறைச்சாலை
30-9-2025

என் தங்கத் தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கடிதத்தில் ஒரு குறும்புகூட இல்லையே என்று முதலில் குழம்பினேன். பிறகுதான் மூலைகளைப் பார்த்தேன். இப்படி ஒரு செய்தியைப் பாடத்துக்குள் ஒளித்து அனுப்பிவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருக்கிறாயே.

உனக்கு இது தெரியுமோ தெரியாதோ. தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் வேனில் ஏற்றும் முன் அம்மா என் முகத்தைப் பிடித்துச் சொன்னாள். "நல்ல சேதிக்கு நாலு மூலையிலயும் மஞ்ச வைப்பாக. இனி ஒனக்கு எழுதுறதுல மூணுதான் வைப்பேன். நாலாவது, நீ வீட்டுக்கு வாரது உறுதியான அன்னைக்கு." பத்து வருடத்தில் ஒரு கடிதத்திலும் அவள் தவறியதில்லை. கீழே வலது மூலை எப்போதும் வெள்ளையாகத்தான் வரும். நீ கவனித்திருக்க மாட்டாய். எழுதி முடித்ததும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடுகிறவன்தானே நீ.

நேற்று நாலு மூலையும் மஞ்சள். வெளியே உங்களுக்கு முதலில் தகவல் வந்திருக்கிறது, எனக்கு உத்தரவு பின்னால் வரும் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். கடிதத்தை எல்லோரிடமும் காட்டினேன். கம்பளியை முத்துக்கருப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். தட்டையும் துண்டையும் வேறு ரெண்டு பேருக்கு. முடி வெட்டி, முகம் மழித்துக்கொண்டேன். உன் பாடக் குறிப்புகளை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அம்மாவிடம் சொல், வந்ததும் அந்தக் கேன்டீன் புளிக்குழம்புதான் வேண்டும்.

தங்கப்பாண்டி


சிறைச்சாலை
8-10-2025

அழகு,

உத்தரவு எதுவும் வரவில்லை என்கிறார் ஐயா. மேலே கேட்டும் பார்த்துவிட்டார். கோப்பு போன இடத்திலேயே இருக்கிறது.

அம்மா நம்பருக்கு அடித்தேன். மூன்று நாளாக அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறது. எனக்கு எழுதிக் கொடுத்திருப்பது அந்த ஒரு நம்பர்தான்.

அம்மா என்னிடம் பொய் சொல்ல மாட்டாள். நாலாவது மூலையில் மஞ்சள் வைத்தது யார்?


வில்லாபுரம்
13-10-2025

ஐயா,

இதை முதலில் படிக்கும் உங்களுக்கு. தயவுசெய்து என் அண்ணனைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து இதைக் கொடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அண்ணே,

இந்தத் தாளில் மஞ்சள் இல்லை. நலமா என்று கேட்கவும் எனக்குத் தகுதி இல்லை. மஞ்சள் வைத்தது நான்தான். எல்லோர் வீட்டிலும் நாலு மூலைதானே, அதனால் நாலு மூலையிலும் வைத்தேன்.

அம்மா செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலையில் இறந்துவிட்டாள். ஈரலில் கட்டி. ஜூலையிலேயே தெரியும். அப்போதும் அவள் போன பிறகும் எழுதி அனுப்பாத ரெண்டு கடிதங்களை இதோடு வைத்திருக்கிறேன். அவற்றைப் படித்தால் எல்லாம் தெரியும்.

அம்மா சொன்னாள் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தப்பான சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று உனக்குப் பாடம் எழுதியவனே நான்தான். அந்த ஆளாக இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். உன் சட்டத்தை மீறி மனு பார்க்க வந்திருக்கலாம். அவள் சட்டத்தை மீறி ஒரு வரி எழுதியிருக்கலாம். நீ வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போயிருப்பாய். நான் ரெண்டு சட்டத்துக்கும் தலையாட்டிக்கொண்டு, வீட்டோ என்று வேடிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் கடிதத்துக்கு அவள் எப்படி மஞ்சள் வைத்தாள் என்று நேற்று பாண்டிமீனா அக்காவிடம் கேட்டேன். மூன்று மூலை முடிந்ததும் அக்கா கையை நாலாவதுக்கு நகர்த்தினாராம். தூக்கவே முடியாத அந்தக் கையை அம்மா இறுக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டாளாம்.

கோபத்தை என் மேல் வை. கம்பி மேலும் அங்கே இருப்பவர்கள் மேலும் வைத்துவிடாதே. கோப்பு கெட்டால் அவள் செத்தது வீணாகிவிடும்.

அழகுராஜா


சிறைச்சாலை
21-12-2025

அழகு,

பதில் எழுத ரெண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் எழுதியிருந்தால் நீ படிக்கக்கூடாத வார்த்தைகளாக இருந்திருக்கும்.

ஐயா நீ கேட்டபடியே செய்தார். என்னை உட்கார வைத்து, கதவைச் சாத்தி, தானும் உட்கார்ந்துகொண்டார். நான் யாரையும் அடிக்கவில்லை. எதையும் உடைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான். முத்துக்கருப்பன் கம்பளியைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேல் போர்த்திவிட்டுப் போனார். தட்டும் துண்டும் திரும்பி வந்தன. விடுதலை என்று நினைத்து மழித்த முகத்தை அப்புறம் மழிக்கவே இல்லை.

கோப்பு இன்னும் மேலேதான் இருக்கிறது.

தேர்வு எழுதினேன். பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒப்பிடச் சொல்லிப் பெரிய கேள்வி ஒன்று வந்தது. உன் மூன்று போர்ஷன் வீட்டைத்தான் எழுதினேன். ரூத் மிஸ் அடிக்கோடு போட்ட கேள்வியும் வந்தது. மன்னர் இறந்தால் அரியணை என்ன ஆகும் என்று. பதில் தெரியும். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. அதுவும் இன்னும் கையெழுத்தாகவில்லை.

என் சட்டம் ரெண்டையும் ரத்து செய்கிறேன். மனு பார்க்க வா. கடிதம் எழுதினால் மூலையில் எதையும் தடவாதே. வெறும் தாள் போதும். அரிசி டப்பாவிலிருந்து அம்மாவின் போனை எடுத்து சார்ஜ் போட்டு வை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிப்பேன். முதல் மணியிலேயே எடுத்துவிடாதே. அவள் தேடித்தான் எடுப்பாள். கொஞ்ச நேரம் அடிக்க விடு.

தங்கப்பாண்டி